கண் மஞ்சளானால் எங்கே அடைப்பு? மண்ணீரலிலிருந்து பித்தக்கான் வரை

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பின்வளவில் உழ்ஹிய்யா இறைச்சியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். என்னிடம் தரம் 11 இல் படிக்கும் பையன்கள் நாலைந்து பேர் இறைச்சியை நிறுத்துப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டை உரித்த நானா ஈரலைத் தூக்கி, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சை நிறப் பையைக் கத்தி படாமல் மெதுவாக இழுத்தெடுத்தார். "இது உடைஞ்சா ஈரல் முழுக்கக் கசக்கும், வாயில வைக்க ஏலாது" என்றார். பிறகு இடப்பக்கத்தில் பெரிய இரைப்பையோடு ஒட்டிக் கிடந்த நீண்ட, தட்டையான, கருஞ்சிவப்பு உறுப்பொன்றை வெட்டியெடுத்து ஈரலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பையன் கேட்டான்: "சேர், இது ரெண்டாவது ஈரலா?"

அது மண்ணீரல். அவன் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. தமிழில் இரண்டின் பெயரிலும் ஈரல் இருக்கிறது. மார்க்கத்திலும் இரண்டும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. ஓடும் இரத்தம் நமக்கு விலக்கப்பட்டது, ஆனால் ஈரலும் மண்ணீரலும் அனுமதிக்கப்பட்டவை என்று இப்னு உமர் (ரலி) வழியாக வரும் அறிவிப்பை மத்ரஸாவில் ஓதியவர்கள் கேட்டிருப்பார்கள். இதை வைத்து விஞ்ஞான அற்புதம் என்று எழுத நான் வரவில்லை. அப்படி எழுதுவதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டும் இரத்தம் நிறைந்து நிற்கும் உறுப்புகள் என்பதை மட்டும் பையன்களுக்குச் சொன்னேன். அந்தப் பச்சைப் பையில் உள்ள நிறம், இந்தக் கருஞ்சிவப்பு உறுப்பில் அழிந்துபோன இரத்தத்திலிருந்து வந்தது என்று சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

18 வருடங்களாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்திலேயே சமிபாட்டுத் தொகுதியின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஈரல், பித்தப்பை, பித்தக்கான், சதையி, முன்சிறுகுடல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அப்படி வரையத் தெரிந்த எனக்கு, என் சொந்த உம்மாவுக்கு வந்த வருத்தம் என்னவென்று 3 வருடங்களாக விளங்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உம்மாவுக்கு நெஞ்சுக்குழியில் வலி வரும். நோன்பு காலத்தில்தான் கூட. கஞ்சி, சமோசா, கட்லட் என்று நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து இருப்பார். சற்று நேரத்தில் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைப்பார். "காஸ்தான் மகன், இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ குடிச்சா சரியாகிடும்" என்பார். நாங்களும் பார்மசியில் காஸ் மாத்திரை வாங்கிக் கொடுப்போம். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வலி போய்விடும். மாத்திரையால் போனது என்று நம்பினோம். அது தானாகவே போயிருக்கிறது.

பழைய இரத்தம் போகும் வழி

மண்ணீரல் இடது பக்கத்தில் விலா என்புகளுக்கு உள்ளே, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சாதாரண அளவில் இருந்தால் வயிற்றைத் தடவிப் பார்த்தாலும் கைக்குத் தட்டுப்படாது. மருத்துவ மாணவர்கள் இதன் அளவை ஞாபகம் வைக்க ஒற்றை எண்களை வரிசையாகச் சொல்வார்கள்: 1 அங்குலத் தடிப்பு, 3 அங்குல அகலம், 5 அங்குல நீளம், 7 அவுன்ஸ் நிறை, 9 முதல் 11 வரையான விலா என்புகளுக்குக் கீழே இருப்பிடம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடிக் குறையும். ஒரு ஆளின் பொத்திய கையளவு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

நம் செங்குருதிக் கலம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். புதிய கலம் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். வயதாக ஆக விறைத்துப்போகும். மண்ணீரலின் உள்ளே குருதி மிக ஒடுக்கமான பிளவுகள் ஊடாகப் பிழிந்துகொண்டு போக வேண்டும். வளையக் கூடிய கலம் தப்பிவிடும். வளைய முடியாத கிழட்டுக் கலம் சிக்கிக்கொள்ளும், அங்கே காத்திருக்கும் விழுங்கும் கலங்கள் அதைத் தின்றுவிடும். ஈரலிலும் என்பு மச்சையிலும் இந்த வேலை நடக்கிறது என்றாலும், குறையுள்ள கலத்தைப் பிடிப்பதில் மண்ணீரல்தான் கெட்டிக்காரன். இப்படி ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்கலங்கள் நம் உடம்பில் அழிகின்றன. அதே அளவு புதிதாகவும் பிறக்கின்றன. நீங்கள் இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் ஒரு கோடிக்கு மேல் போய்விட்டது.

தின்ற கலத்தில் எதுவும் வீணாவதில்லை. அதன் ஈமோகுளோபினில் உள்ள இரும்பு திரும்ப என்பு மச்சைக்குப் போய்ப் புதிய கலத்துக்கு உதவும். இரும்பு போக மிஞ்சும் பகுதி முதலில் பச்சை நிறப் பொருளாகவும் பிறகு மஞ்சள் நிறப் பொருளாகவும் மாறுகிறது. இந்த மாற்றத்தை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். காலில் அடிபட்டுக் கண்டிப்போன இடம் முதலில் நீலமாக இருந்து, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி மறைகிறதல்லவா? அதே இரசாயனம்தான். அந்த மஞ்சள் பொருளுக்குப் பெயர் பிலிருபின்.

மண்ணீரலை விட்டு வெளியேறும் நாளம், குடலிலிருந்து வரும் நாளத்தோடு சேர்ந்து ஈரல் வாயி நாளமாகி நேரே ஈரலுக்குள் போகிறது. அதாவது மண்ணீரலின் கழிவு முதலில் கொண்டுபோய்க் கொடுக்கப்படுவது ஈரலிடம்தான். பிலிருபின் நீரில் கரையாது. ஈரல் அதனோடு இன்னொரு பொருளைச் சேர்த்து நீரில் கரையச் செய்து, பித்தத்தோடு கலந்து அனுப்புகிறது. நான் பையன்களுக்குச் சொன்னது இதைத்தான்.

கான்களும் ஒரு சேமிப்புப் பையும்

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தம் சுரக்கிறது. இரவும் பகலும் நிற்பதில்லை. ஈரலின் வலப்பாதியிலிருந்து ஒரு கான், இடப்பாதியிலிருந்து ஒரு கான். இரண்டும் சேர்ந்து ஒன்றாகிக் கீழே இறங்குகிறது. வழியில் பித்தப்பையிலிருந்து வரும் சிறிய கான் வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு அதன் பெயர் பொதுப் பித்தக்கான். அது முன்சிறுகுடலுக்குப் பின்னால் இறங்கி, சதையியின் தலைப்பகுதி ஊடாகச் சென்று, சதையியின் கானோடும் சேர்ந்து, முன்சிறுகுடலின் உட்சுவரில் ஒரு சிறிய முளை போன்ற இடத்தில் திறக்கிறது. அந்தத் திறப்பைச் சுற்றி ஒரு வளையத் தசை இருக்கிறது. 1887 இல் இத்தாலியில் மருத்துவ மாணவனாக இருந்த ருக்கெரோ ஒடி இதை விவரித்தார். இன்றும் அது அவருடைய பெயரிலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் பயந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் பெயர் என்று சொன்னால் என் வகுப்புப் பையன்களுக்கு நல்ல சந்தோசம்.

சாப்பிடாத நேரத்தில் அந்த வளையம் இறுகி மூடிக்கொள்ளும். ஈரலோ சுரந்துகொண்டே இருக்கிறது. கீழே போக வழியில்லாத பித்தம் பக்கவாட்டில் உள்ள சிறிய கானுக்குள் ஏறிப் பித்தப்பையில் சேர்கிறது. பித்தப்பை 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீளமான, பேரிக்காய் வடிவப் பை. அதில் 30 முதல் 50 மில்லிலீற்றர் வரைதான் கொள்ளும். இவ்வளவு சின்னப் பையில் எப்படிப் போதும்? அது தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பித்தத்தைப் பல மடங்கு செறிவாக்கி வைக்கிறது. உரித்த நானா அந்தப் பையைப் பார்த்துப் பயந்தது அதனால்தான்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பித்தப்பை பாதையின் நடுவில் இல்லை. பெரிய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் வீடு போல ஓரமாக இருக்கிறது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே கான்தான். "பையை வெட்டி எடுத்துட்டா பித்தத்துக்கு என்ன செய்றது, சாப்பாடு செமிக்காதே" என்று பயப்படுபவர்கள் நம் ஊர்களில் நிறைய. அந்தப் பயத்தில் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் நிறைய. பித்தத்தைச் செய்வது ஈரல். பையை எடுத்தாலும் பெரிய வீதி திறந்தே இருக்கிறது, பித்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு வயிறு இளகிப் போகும். பெரும்பாலானவர்கள் வழக்கம்போல் சாப்பிடுகிறார்கள். 1985 இல் ஜெர்மனியில் எரிஷ் மூஹ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் சிறு துளைகள் ஊடாகக் கருவியை விட்டு இதைச் செய்து காட்டினார். இன்று நம் நாட்டிலும் அந்த முறை சாதாரணமாகிவிட்டது.

கொழுப்புச் சாப்பாடு முன்சிறுகுடலை அடைந்ததும் அதன் சுவரிலிருந்து ஒரு ஓமோன் குருதியில் கலக்கும். அது பித்தப்பைக்குச் சுருங்கச் சொல்லும், ஒடியின் வளையத்துக்குத் திறக்கச் சொல்லும். பித்தம் பீறிட்டு வந்து, எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரம் செய்யும் வேலையைக் குடலில் செய்யும். எண்ணெய் சிறு சிறு துளிகளாக உடைந்தால்தான் சதையியின் நொதியம் அதைச் சமிக்கச் செய்ய முடியும். வேலை முடிந்த பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுத் திரும்ப ஈரலுக்கே போகின்றன. நம் உடம்பைப் போலச் சிக்கனமான வீட்டுக்காரியை நான் பார்த்ததில்லை.

இப்போது என் உம்மாவின் வலிக்கு வருவோம். பகல் முழுவதும் நோன்பு. பித்தப்பை நிறைந்து கிடக்கிறது. நோன்பு திறந்து சமோசா இறங்கியதும் பை இறுக்கிப் பிழிகிறது. பையின் வாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும்? வலிக்கும். கல் விலகியதும் வலி போய்விடும். வலி எப்போது வருகிறது என்று நான் ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். பரீட்சை வினாத்தாளில் இதையே கேள்வியாகப் போட்டிருப்பேன், சொந்த வீட்டில் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்று, நெஞ்சுக்குழி வலி எல்லாம் பித்தக்கல் அல்ல. மாரடைப்பும் அங்கேதான் வலிக்கக்கூடும். வீட்டில் இருந்துகொண்டு காஸ் என்றோ கல் என்றோ நாமே முடிவு கட்டுவதுதான் பிழை.

பித்தத்தில் கொலஸ்திரோல் கூடினால், அல்லது பை சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்கினால் கல் உண்டாகும். பெண்களுக்கு இது கூட. பல பிள்ளைகள் பெற்றவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், அவசரமாக மெலிந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கல் உள்ள எல்லோருக்கும் வருத்தம் வருவதில்லை. பலர் கல்லோடு வாழ்ந்து வேறு காரணத்தால் மௌத்தாகிறார்கள். ஆகவே ஸ்கேனில் கல் தெரிந்தவுடன் பதறத் தேவையில்லை. வலி வரத் தொடங்கினால்தான் தள்ளிப்போடக் கூடாது.

உம்மா சொல்லாத விடயம்

மூன்றாவது வருட நோன்பு முடிந்து ஆறு நோன்பும் பிடித்துக்கொண்டிருந்த காலம். உம்மாவின் கண் மஞ்சளாகத் தெரிவதாகத் தங்கச்சிதான் முதலில் சொன்னாள். செங்கண்மாரி என்று ஊரே சொன்னது. கீழ்க்காய் நெல்லி அரைத்துக் கொடுத்தோம். எண்ணெய்ச் சாப்பாட்டை நிறுத்தினோம். ஓதிப் பார்த்தோம். ஓதிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, இன்றும் செய்வேன். ஆனால் அதோடு நிறுத்தி 9 நாட்களைப் போக்கியது எங்கள் குற்றம்.

நம் ஊர்களில் கீழ்க்காய் நெல்லிக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது? அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஈரல் அழற்சி ஏ வகை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சுகமாகிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் வந்துவிடும். கண் மஞ்சளாவது ஒரு நோய் அல்ல, அது பிலிருபின் குருதியில் தேங்கியிருக்கிறது என்ற அறிகுறி. தேங்குவதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. செங்கலங்கள் அளவுக்கு மீறி அழிந்து ஈரலால் சமாளிக்க முடியாமல் போகலாம். ஈரலே பழுதாகியிருக்கலாம். அல்லது ஈரலைத் தாண்டிய பித்தம் கானில் அடைபட்டுத் திரும்பி வரலாம். எங்கள் குருநாகல் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அது உயிரை எடுக்கும் வருத்தம். நான்குக்கும் ஒரே சாறு கொடுத்தால் எப்படி?

அடைப்பு எங்கே என்று தேட இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கின்றன. அதற்கு முன்னால் வீட்டிலேயே கேட்கக் கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. கழிப்பறையில் என்ன நிறம்?

குடலுக்குப் போன பிலிருபினைப் பற்றீரியாக்கள் மாற்றுவதால்தான் மலத்துக்கு மண்ணிறம் வருகிறது. கான் முழுதாக அடைபட்டால் நிறம் கொடுக்கப் பித்தம் குடலுக்குப் போவதில்லை. மலம் வெளிறி, சீமெந்துக் களி போலாகும். ஈரல் கரையச் செய்துவிட்ட பிலிருபின் குருதிக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீர் கடும் தேயிலைச் சாயம் போலாகும். உடம்பு முழுக்க அரிப்பும் வரும். கொழுப்போடு சேர்த்து உறிஞ்சப்படும் விற்றமின் கே குறைவதால் இரத்தம் உறைவதும் தாமதமாகும்.

உம்மாவுக்கு இவை எல்லாம் இருந்தன. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகனிடம் எப்படிச் சொல்வது? மருமகனிடம் எப்படிச் சொல்வது? தங்கச்சிகூட பத்தாவது நாள்தான் கேட்டாள். கேட்டதும் உம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு "வெள்ளையாத்தான் போகுது, ஒரு கிழமையா" என்றாராம். அன்று இரவே நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. காய்ச்சல், மஞ்சள், வலது பக்க வலி மூன்றும் சேர்ந்தால் கானில் தேங்கிய பித்தத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். காலை வரை காத்திருக்கக் கூடாத நிலைமை அது. ஒரு பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.

அல்ஹம்துலில்லாஹ், அங்கே வாய் வழியாக நீண்ட குழாயொன்றை முன்சிறுகுடல் வரை அனுப்பி, ஒடியின் வளையத்தைச் சிறிது வெட்டி, பொதுப் பித்தக்கானில் சிக்கியிருந்த கல்லை இழுத்தெடுத்தார்கள். வயிற்றில் கத்தி படவில்லை. சில கிழமைகள் கழித்துப் பித்தப்பையையும் எடுத்தார்கள். வாட்டில் இருந்த இளம் பெண் வைத்தியர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மலம் வெளிறினது எப்பவிலிருந்து?" எனக்குப் பதில் தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியர் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மண்ணீரல் இல்லாத பிள்ளை

பித்தத்தைப் பற்றியே பேசினால் மண்ணீரலுக்கு அநியாயம் செய்தவனாவேன். யூனானி ஹகீம்மார் மஞ்சள் பித்தமான சஃப்ராவைப் பித்தப்பைக்கும், கறுப்புப் பித்தமான சவ்தாவை மண்ணீரலுக்கும் கொடுத்தார்கள். கவலையும் மனச்சோர்வும் சவ்தா கூடுவதால் வருகிறது என்பது கிரேக்கரிடமிருந்து வந்த கருத்து. கறுப்புப் பித்தம் என்ற ஒன்று இல்லை என்று இன்று தெரியும். ஆனாலும் மண்ணீரலுக்கும் பித்தத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அவர்கள் ஊகித்ததை நான் மதிக்கிறேன்.

எங்கள் பாடசாலையில் தலசீமியா உள்ள ஒரு மாணவன் இருந்தான். மாதம் ஒரு தடவை குருதி ஏற்றுவதற்காகக் குருநாகலில் உள்ள தலசீமியா நிலையத்துக்கு வாப்பாவோடு போவான். தலசீமியாவில் செங்கலங்கள் பிறக்கும்போதே குறையோடு பிறக்கின்றன. மண்ணீரல் தன் வேலையைச் செய்யாமல் விடுமா? குறையுள்ளதையெல்லாம் பிடித்துத் தின்கிறது. தின்று தின்று தானும் பெருக்கிறது. அந்தப் பையனின் வயிறு இடப்பக்கம் தொப்புள் வரை வீங்கியிருந்தது. ஏற்றும் குருதியையும் மண்ணீரலே அழிக்கத் தொடங்கியதால் 12 வயதில் அதை எடுத்துவிட்டார்கள். செங்கலங்கள் இப்படி அளவுக்கு மீறி அழிவதால் பிலிருபின் கூடிப் பித்தப்பையில் கறுப்புக் கற்களும் உண்டாகும். அவனுக்கும் இருந்தன. பழைய இரத்தம் போகும் முழுப் பாதையும் ஒரு பிள்ளையின் உடம்பில் தெரிந்தது.

மண்ணீரல் இல்லாமல் வாழலாம். ஒரு காலத்தில் அது தேவையே இல்லாத உறுப்பு என்றுகூட நினைத்தார்கள். 1952 இல் கிங், ஷூமாக்கர் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித் தொற்று வந்ததை எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் எண்ணம் மாறியது. மண்ணீரல் குருதிக்கு வடி மட்டுமல்ல, காவலும் கூட. உறை போர்த்திய சில பற்றீரியாக்களை, முக்கியமாக நியூமோகொக்கசை, குருதியிலிருந்து பிடித்தெடுப்பதில் அதற்கு ஈடில்லை. அது இல்லாதவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்குவது சில மணித்தியாலங்களில் உயிராபத்தாக மாறக்கூடும். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன்பே நியூமோகொக்கஸ், மெனிஞ்சோகொக்கஸ் போன்றவற்றுக்கு எதிரான தடுப்பூசிகள் போடுகிறார்கள், பெனிசிலின் மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். ஹஜ், உம்றா செல்பவர்கள் போட்டுக்கொள்ளும் மெனிஞ்சோகொக்கஸ் ஊசியும் அந்தக் கிருமிகளில் ஒன்றுக்கானதுதான். இலங்கையில் 2016 இல் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தாலும், மலேரியா உள்ள நாடுகளுக்குத் தொழிலுக்குப் போகும் மண்ணீரல் இல்லாதவர்கள் முதலில் வைத்தியரைக் காண வேண்டும்.

அந்தப் பையனுக்கு ஒரு வியாழக்கிழமை மூன்றாம் பாடத்தில் காய்ச்சல் வந்தது. வகுப்பாசிரியர் பனடோல் ஒன்றைக் கொடுத்து வாங்கில் படுக்க வைத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மண்ணீரல் இல்லாத பிள்ளை என்று பாடசாலையில் எந்தப் பதிவிலும் இல்லை. பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில் அவனுடைய தங்கச்சிக்குப் பேர் கெட்டுவிடும் என்று வீட்டார் மறைத்திருந்தார்கள். பாடசாலை விடும்போது அவன் நிமிர முடியாத நிலை. அன்று இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். 11 நாட்களுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். இப்போது கம்பளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான்.

அவனுடைய உம்மாவும் வாப்பாவும் மச்சான் மச்சாள். மார்க்கம் அனுமதித்த திருமணம்தான், அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் தலசீமியாக் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. காவியாக இருப்பவருக்கு எந்த வருத்தமும் தெரியாது, நல்ல திடகாத்திரமாக இருப்பார். நெருங்கிய சொந்தத்தில் அதே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூட. நிக்காஹ்வுக்கு முன்னால் ஒரு குருதிப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். மஹர், மண்டபம், புரியாணி சகன் எத்தனை என்பதையெல்லாம் மூன்று மாதம் பேசுகிறோம். இதைப் பேச அரை நாள் போதும். சென்ற வருடம் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதைச் சொன்னேன். "நல்ல விசயம்தான் சேர், ஆனா பொண்ணு வீட்டார்ட்ட யார் சொல்றது" என்றார்கள். இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் என் வகுப்புப் பெற்றோரைத் தனித்தனியாக அழைத்து, பிள்ளைக்கு ஏதும் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறதா, தொடர்ந்து கிளினிக் போகிறதா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். அந்தக் கொப்பி என் மேசை லாச்சியில் பூட்டிக் கிடக்கும். சாவி எனக்கும் அதிபருக்கும் மட்டும். முதல் வருடம் உண்மையைச் சொன்னவர்கள் 2 பேர். இந்த வருடம் 7 பேர்.

உம்மாவின் பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை வைத்தியசாலையில் ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். 14 கற்கள். மஞ்சளும் மண்ணிறமுமாகப் பட்டாணி அளவில் இருக்கும். அவர் அதை அலுமாரியில் வைத்துக்கொண்டு, வருத்தம் பார்க்க வருகிற பெண்களுக்கெல்லாம் காட்டுவார். காட்டும்போது குரலைத் தாழ்த்தி நிறத்தைப் பற்றியும் சொல்கிறார் என்று தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாள் லீவு முடிந்த முதல் நாள் அந்தப் போத்தலைக் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டு போனேன். பின்வளவில் சிரித்த பையன்கள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். "கவனம் மகன், ஒன்னும் குறையாமக் கொண்டு வாங்க" என்று உம்மா எண்ணித்தான் தந்திருந்தார்.